ஸ்டூல் போட்டு ஏறும் இலவசப் பேருந்து

2021 மே மாதம் முதல் தமிழ்நாட்டின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. உச்சிப்புளிக்குப் பக்கத்துக் கிராமத்தில் வசிக்கும், 74 வயதான என் அம்மாவுக்கும் இது பொருந்தும். ஆனாலும் இராமநாதபுரம் போக வேண்டிய நாளில் அவர் முதலில் விசாரிப்பது ஷேர் ஆட்டோவைத்தான். காசில்லாமல் போகும் பேருந்தை விட்டுவிட்டு, காசு கொடுத்து நெரிசலில் ஒடுங்கிப் போவதை ஏன் விரும்புகிறார் என்று நீண்ட நாள் எனக்குப் புரியவில்லை. ஒருநாள் கூடவே போனபோதுதான் புரிந்தது. ஆட்டோவின் தளம் அவருடைய முழங்காலுக்குக் கீழே இருக்கிறது. பேருந்தின் முதல் படி முழங்காலுக்கு மேலே இருக்கிறது.

எங்கள் நிறுத்தத்தில் தார்ச்சாலையின் விளிம்பு முடிந்ததும் மணல் சரிந்து இறங்குகிறது. பேருந்து தார் மீது நிற்க, ஏறுகிறவர் மணலில் நிற்பதால், ஏற்கெனவே உயரமான படி இன்னும் ஒரு சாண் உயர்ந்துவிடுகிறது. பிடித்து ஏற வேண்டிய கம்பி உப்புக்காற்றில் அரித்துச் சொரசொரப்பாக இருக்கும். படியின் தகட்டு விளிம்பு அம்மாவின் சேலையை இருமுறை கிழித்திருக்கிறது. ஆடி மாதக் கச்சான் காற்றில் மணல் முகத்தில் அடிக்க, ஒரு கையால் முந்தானையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கம்பியைத் தேடும்போது, "ஆத்தா, சட்டுன்னு ஏறு" என்று நடத்துநர் குரல் கொடுப்பார். அதில் கோபம் இருந்ததில்லை, அவசரம்தான் இருந்தது. எதிரே டீக்கடை வைத்திருக்கும் பாய் ஒருநாள் இதைப் பார்த்துவிட்டுக் கடையிலிருந்த மர ஸ்டூலைக் கொண்டுவந்து படிக்குக் கீழே போட்டார். அன்று முதல் அம்மா பேருந்தில் போவதென்றால் அந்த ஸ்டூலை நம்பித்தான் போகிறார்.

சென்னையில் 2024 முதல் மீண்டும் தாழ்தளப் பேருந்துகள் ஓடுகின்றன. அவற்றின் தளம் தரையிலிருந்து சுமார் 40 செ.மீ. உயரத்தில் இருக்கிறது, நிறுத்தத்தில் வண்டியை ஒரு பக்கமாக மேலும் சாய்த்து இறக்கவும் முடியும். அவை இங்கும் வர வேண்டும் என்று கேட்பதில் தவறில்லை. ஆனால் வண்டி நிற்கும் இடமும் ஏறுகிறவர் நிற்கும் இடமும் ஒரே மட்டத்தில் இல்லாத எங்கள் நிறுத்தங்களில் அந்த வண்டியும் பாதிப் பயனையே தரும். என்னைக் கேட்டால், பேருந்தைத் தாழ்த்தும் வரை காத்திராமல் தரையை உயர்த்தலாம். ரயில் நிலையத்தின் நடைமேடையைப் போல, ஓர் அடி உயரத்தில், ஒரு முனையில் சரிவு வைத்து, பத்தடி நீளத்துக்கு ஒரு சிமென்ட் திண்ணை கட்டினால் அந்த ஸ்டூலுக்கு வேலையில்லை. ஊராட்சியே செய்யக்கூடிய வேலை இது. நிழற்குடைக்குப் பெயர்ப்பலகை எழுத ஆகும் ஆர்வத்தில் பாதி இருந்தால் போதும்.

திண்ணை கட்டினாலும், அதை ஒட்டி வண்டி நிற்க வேண்டுமே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். நிறுத்தத்தில் சரக்கு வேனும் ஆட்டோவும் நின்றால் ஓட்டுநர் எங்கே ஒதுக்குவார்? மணலில் சக்கரம் இறங்கினால் யார் பதில் சொல்வது? நேரக் கணக்கும் வசூல் கணக்கும் அவர் தலையில்தான் விழுகின்றன. ஒரு முதியவர் ஏறி உட்காரும் வரை காத்திருக்கும் ஒரு நிமிடத்தை அட்டவணையிலேயே சேர்த்துக் கொடுத்துவிட்டு, அதன் பிறகு அவரிடம் பொறுமையை எதிர்பார்ப்பதுதான் முறை.

கழிப்பறையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. சர்க்கரை நோயுள்ள ஒருவருக்கு ஒரு மணி நேரப் பேருந்துப் பயணம் என்பது, முந்தைய இரவிலிருந்தே தண்ணீரைக் குறைத்துக் குடிப்பதில் தொடங்குகிறது. 2025 ஏப்ரலில் பாம்பன் புதிய ரயில் பாலம் திறந்து, இராமேசுவரத்துக்கு மறுபடியும் ரயில் வந்தபோது எங்கள் பக்கத்து முதியவர்கள் மகிழ்ந்ததற்குப் பெட்டிக்குள்ளேயே கழிப்பறை இருப்பதும் ஒரு காரணம். அந்த ரயிலிலும் மூத்த குடிமக்களுக்கு முன்பு கிடைத்த கட்டணச் சலுகை, ஆண்களுக்கு 40, பெண்களுக்கு 50 விழுக்காடு, 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டதோடு சரி. சென்னையில் 60 வயதைக் கடந்தவர்களுக்கு மாதம் பத்து இலவசப் பேருந்து டோக்கன் உண்டு. பாம்பனில் வலை பின்னிக் கண் மங்கிப்போன பெரியவருக்கு அதுவும் இல்லை.

மாத்திரைகள் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்துவிடுகின்றன. கண்ணைக் காட்டுவதற்கு மட்டும் அம்மா நேரில் போயாக வேண்டும். அடுத்த பரிசோதனை ஒரு வெள்ளிக்கிழமையில் வருகிறது. பாய் ஜும்மாவுக்காகக் கடையைச் சீக்கிரமே சாத்திவிடுவார் என்பதால், காலை ஒன்பது மணி வண்டிக்கே கிளம்பிவிட வேண்டும் என்று அம்மா இப்போதே சொல்லிக்கொண்டிருக்கிறார்.