துகளின் வேகம் வேறு, வாயுவின் வேகம் வேறு

"மாக் 14 (ஒலியைப் போல 14 மடங்கு வேகம்) காற்றுச் சுரங்கத்திலும் துகள் தூவி, லேசர் பாய்ச்சி, அடுத்தடுத்து இரண்டு படம் எடுத்தால் வாயுவின் வேகம் அப்படியே கிடைத்துவிடும், வேறு வழி கிடையாது" என்று ஒருவர் எழுதியிருப்பது தவறு.

அந்தப் படங்களில் கிடைப்பது துகளின் வேகம். ஒலியை மிஞ்சும் ஓட்டத்தில் தடைக்கு முன்னே எழும் அழுத்த அலையான அதிர்வலையைக் கடந்ததும் வாயுவின் வேகம் சட்டெனக் குறைந்துவிடும். துகளுக்கு நிறை இருப்பதால் அது பழைய வேகத்திலேயே கொஞ்ச தூரம் ஓடும். ஈடுகொடுக்க 2 மைக்ரோ நொடி பிடிக்கிறது என்று வைத்தாலும், நொடிக்கு 2,000 மீட்டர் ஓட்டத்தில் அது ஏறக்குறைய 4 மில்லிமீட்டர். அடர்த்தி குறைந்த ஓட்டத்தில் இழுவிசையும் குறையும், பின்தங்கல் இன்னும் கூடும்.

வேறு வழியும் உண்டு. அமெரிக்காவில் மேரிலாந்திலுள்ள 'டனல் 9' என்ற காற்றுச் சுரங்கம் தூய நைட்ரஜனில் ஓடுகிறது. அங்கே துகளே தூவாமல், லேசரால் வாயுவையே ஒளிரவைக்கும் 'ஃப்ளீட்' முறையில் வேகத்தை அளந்திருக்கிறார்கள். ஃபெம்டோ நொடி (நொடியின் ஆயிரம் லட்சம் கோடியில் ஒரு பங்கு) அளவிலான லேசர் துடிப்பைக் குவித்தால் நைட்ரஜன் மூலக்கூறுகள் உடையும். அணுக்கள் திரும்பச் சேரும்போது செந்நிற ஒளி சில மைக்ரோ நொடிகள் நீடிக்கும். அந்த ஒளிக்கோடு வாயுவோடே நகரும்: அதே வேகத்தில் 5 மைக்ரோ நொடிக்கு 10 மில்லிமீட்டர்.

சறுக்குவது கேமராவில்தான். திறப்பு நேரம் 1 மைக்ரோ நொடி என்றால் கோடு 2 மில்லிமீட்டர் இழுபட்டுத் தெரியும். 100 நானோ நொடியாகக் குறைத்தால் 0.2 மில்லிமீட்டர்தான், ஆனால் ஒளி போதாது. ஒளிபெருக்கி பொருத்திய கேமரா தேவைப்படும்.

வேகம் அளக்க நைட்ரிக் ஆக்சைடு வாயுவை லேசரால் ஒளிரவைக்கும் முறையையும் சிலர் பரிந்துரைப்பதுண்டு. தூய நைட்ரஜனில் அது தானாக உருவாகாது, வெளியிலிருந்து கலக்க வேண்டும்.