எம்.பி.க்கள் மட்டும் போடும் ஓட்டு அல்ல

ஒருவர், "குடியரசுத் தலைவரை டெல்லியில் எம்.பி.க்களே தேர்ந்தெடுத்துக்கொள்கிறார்கள், மாநிலங்களுக்கு அதில் வேலையே இல்லை, கட்சி சொன்னால் முடிந்தது" என்று எழுதியிருக்கிறார். அது தவறு. எம்.பி.க்கள் மட்டுமே ஓட்டுப் போடுவது துணைக் குடியரசுத் தலைவர் தேர்தலுக்குத்தான் பொருந்தும்.

குடியரசுத் தலைவர் தேர்தலில் எல்லா மாநிலங்களின் எம்.எல்.ஏ.க்களுக்கும், டெல்லி, புதுச்சேரி எம்.எல்.ஏ.க்களுக்கும் ஓட்டு உண்டு. மக்களால் தேர்ந்தெடுக்கப்படாமல் அரசால் நியமிக்கப்படும் நியமன உறுப்பினர்களுக்குத்தான் இல்லை. தமிழ்நாட்டு எம்.எல்.ஏ. ஒருவரின் ஓட்டு மதிப்பு 176. எப்படி? 1971 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 4,11,99,168. அதை எம்.எல்.ஏ.க்களின் எண்ணிக்கையான 234-ஆல் வகுத்து, மறுபடி 1000-ஆல் வகுத்தால் 176. உத்தரப் பிரதேசத்தில் 208, சிக்கிமில் வெறும் 7. எல்லா எம்.எல்.ஏ. ஓட்டுகளின் மதிப்பையும் கூட்டி, எம்.பி.க்களின் எண்ணிக்கையால் வகுப்பதுதான் ஒரு எம்.பி.யின் மதிப்பு; 2022-இல் அது 700. ஆக, மாநிலங்களின் பங்கு சரிபாதி.

குறை இல்லாமல் இல்லை. அரை நூற்றாண்டுக்கு முந்தைய மக்கள்தொகையை வைத்துக் கணக்குப் போடுவது எனக்கும் விசித்திரமாகத்தான் படுகிறது. (குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்து மக்கள்தொகைப் பெருக்கத்தைக் குறைத்த மாநிலங்களின் ஓட்டுப் பங்கு குறையாமல் இருக்க அதுவே பாதுகாப்பு என்பது வேறு கதை.)

அப்புறம், "கட்சி சொன்னால் முடிந்தது" என்பதும் முழு உண்மை அல்ல. இது ரகசிய வாக்கெடுப்பு, இன்னாருக்குத்தான் ஓட்டுப் போட வேண்டும் என்று கட்சி கட்டளையிடும் கொறடா உத்தரவு கிடையாது. 1969-இல் காங்கிரஸின் அதிகாரபூர்வ வேட்பாளர் நீலம் சஞ்சீவ ரெட்டி, சுயேச்சையாக நின்ற வி.வி.கிரியிடம் தோற்றார், அதுவும் இரண்டாம் விருப்ப ஓட்டுகளை (வாக்காளர் வேட்பாளர்களை வரிசைப்படுத்தியதில் இரண்டாம் இடம் கொடுத்தவருக்கான ஓட்டுகளை) எண்ணிய பிறகு.