ஊக்கு குத்திய மேலங்கி

அமெரிக்காவில் பிறந்து மெக்சிகோவில் வாழ்ந்த சிற்பி எலிசபெத் கேட்லெட் 1952-இல் செதுக்கிய ஓர் அச்சுப்படத்தில், அமெரிக்கத் தென்மாநிலங்களில் விளைச்சலில் ஒரு பங்குக்காகப் பிறர் நிலத்தை உழும் கறுப்பினப் பெண் ஒருத்தி அகன்ற வைக்கோல் தொப்பி அணிந்து எங்கோ பக்கவாட்டில் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவள் மேலங்கியைக் கழுத்தருகே சேர்த்துப் பிடித்திருப்பது பொத்தான் அல்ல, ஓர் ஊக்கு என்பதை இரண்டாம் முறை பார்த்தபோதுதான் கவனித்தேன். வறுமையைச் சொல்ல அந்த ஊக்கு போதும் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். முகத்தில் இரக்கத்தைக் கோரும் கோடு ஒன்றுகூட இல்லை.

கேட்லெட்டைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் 'தடைகளைத் தாண்டி வென்ற கறுப்பினப் பெண் சிற்பி' என்றே தொடங்குகிறார்கள். தடைகள் இருந்தது உண்மை. 1915-இல் வாஷிங்டனில், அடிமைகளாக இருந்தவர்களின் பேத்தியாகப் பிறந்த அவருக்கு, பிட்ஸ்பர்க்கின் கார்னகி தொழில்நுட்பக் கழகம் நிறத்தைக் காரணம் காட்டி இடம் மறுத்தது. ஐயோவா பல்கலைக்கழகம் படிக்க இடம் கொடுத்தது, விடுதியில் தங்க இடம் கொடுக்கவில்லை. அங்கே ஓவியர் கிராண்ட் வுட், உனக்கு நன்கு தெரிந்ததையே செய் என்று சொன்ன அறிவுரையை அவர் கடைசிவரை விடவில்லை. ஆனால் தடை, வெற்றி என்ற இந்தக் கதையில், அவர் யாருக்காக வேலை செய்தார் என்ற கேள்வி காணாமல் போய்விடுகிறது என்பதே என் வருத்தம்.

நியூ ஆர்லியன்ஸின் டில்லார்ட் பல்கலைக்கழகத்தில் கலைத்துறைத் தலைவராக இருந்தபோது, பிக்காசோவின் ஓவியங்கள் அந்நகரின் டெல்கடோ அருங்காட்சியகத்துக்கு வந்தன. அருங்காட்சியகத்துக்குள் கறுப்பர்கள் போகலாம். அது அமைந்திருந்த பூங்காவுக்குள்தான் கால் வைக்கக் கூடாது. பொதுமக்களுக்குத் திறக்காத ஒரு நாளில், பூங்காவின் தரையில் யார் காலும் படாதபடி பேருந்தை நேராக வாசலில் கொண்டுபோய் நிறுத்தி, தம் மாணவர்களை அவர் உள்ளே அழைத்துச் சென்றார். அவர்களில் பலர் அதற்குமுன் எந்த அருங்காட்சியகத்தையும் பார்த்ததில்லை. அவருடைய சிற்பங்களுக்குப் பக்கத்திலேயே இந்தப் பேருந்துப் பயணத்தையும் நான் வைப்பேன். மிகையாகத் தோன்றினால் தோன்றட்டும்.

1946-இல் உதவித்தொகை பெற்று மெக்சிகோ சென்றவர், மக்கள் வரைகலைப் பட்டறை என்ற அச்சுக்கலைஞர் குழுவில் சேர்ந்து, தரைவிரிப்புக்குப் பயன்படும் லினோலியத் தகட்டில் செதுக்கி அச்சிடத் தொடங்கினார். லினோலியம் மலிவானது, ஒரு தகட்டிலிருந்து பல படிகள் எடுக்கலாம், சுவரொட்டியாகவும் துண்டறிக்கையாகவும் அது தெருவுக்குப் போகும். செல்வந்தர் வீட்டு வரவேற்பறையில் ஒற்றைப் பிரதியாகத் தொங்குவதை அவர் இலக்காகக் கொள்ளவில்லை. பின்னாளில் மெக்சிகோ தேசியப் பல்கலைக்கழகத்தில் சிற்பக்கலையின் முதல் பெண் பேராசிரியராகி, அத்துறைக்குத் தலைமையும் ஏற்றார். கலைஞர், போராளி, பேராசிரியர் என்று நாம் மூன்று பெட்டிகளில் பிரித்து வைப்பது அவர் வாழ்க்கைக்குப் பொருந்தவே பொருந்தாது.

அதற்கான விலையையும் கொடுத்தார். 1950களின் இறுதியில் ரயில்வே தொழிலாளர் வேலைநிறுத்தத்தையொட்டி மெக்சிகோவில் கைது செய்யப்பட்டார். 1962-இல் மெக்சிகோ குடியுரிமை பெற்றதும், பிறந்த நாடு அவரை விரும்பத்தகாத அந்நியர் என்று அறிவித்து விசா மறுத்தது. 1970-இல் இல்லினாயில் நடந்த கறுப்பினக் கலைஞர் மாநாட்டில் அவர் தொலைபேசி வழியாகத்தான் பேச முடிந்தது. மறு ஆண்டு நியூயார்க்கின் ஹார்லெமில் நடந்த அவருடைய சொந்தக் கண்காட்சிக்கு வருவதற்கே நண்பர்கள் கடிதம் எழுதிப் போராட வேண்டியிருந்தது.

அமெரிக்கா 2002-இல் குடியுரிமையைத் திருப்பிக் கொடுத்தது. இடம் மறுத்த அந்தப் பிட்ஸ்பர்க் கல்விநிலையம் 2008-இல் மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கியது. இதை நெகிழ்ச்சியான முடிவாகச் சிலர் எழுதுகிறார்கள். என்னால் அப்படிப் படிக்க முடியவில்லை. அப்போது அவருக்கு 93 வயது. இன்னொரு நாட்டின் மாணவர்களுக்குச் சிற்பம் கற்பித்து ஓய்வுபெற்றே 33 ஆண்டுகள் ஆகியிருந்தன.