கணக்கில் மட்டும் வரும் பஸ்

மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் கிராம விவரக் கையேட்டைப் புரட்டிப் பாருங்கள். ஒவ்வோர் ஊருக்கும் நேரே மக்கள்தொகை, பள்ளிக்கூடம், பிறகு பஸ் வசதி. ஊருக்கு பஸ் வந்தால் 'உண்டு'. இல்லையென்றால் 5 கிலோமீட்டருக்குள், 5 முதல் 10 வரை, 10-க்கு மேல் என்று மூன்று வகை. எங்கள் ஊருக்கு 'உண்டு' என்றுதான் இருக்கிறது. அது சரியில்லை என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

கணக்கெடுப்பில் கிராமம் என்றால் வருவாய்க் கிராமம். நம் பக்கம் ஒரு வருவாய்க் கிராமத்துக்குள் மேலத்தெரு, கீழத்தெரு, காலனி, வாய்க்காலுக்கு அந்தப்புறம் தனியாகக் கிடக்கும் சில வீடுகள் எல்லாமே அடக்கம். பஸ் நிற்பதோ மெயின் ரோட்டில். அங்கிருந்து காலனிக்கு இருட்டில் வயல் ஓரமாக நடக்கிறவர்களுக்கும் சேர்த்துத்தான் அந்த ஒரு 'உண்டு'.

டெல்டாவில் தூரம் என்பதே வேறு கணக்கு. வெண்ணாறு நீடாமங்கலத்துக்கு அருகே, தண்ணீரைப் பிரித்துவிடும் மூணாறு தலைப்பு என்ற இடத்தில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று பிரிகிறது. கோரையாற்றுக்கும் பாமணியாற்றுக்கும் இடையில் எங்கள் ஊர். சாலைகள் பெரும்பாலும் ஆற்றங்கரையை ஒட்டியே போகும். குறுக்கே கடக்கப் பாலம் இருக்கும் இடம்வரை போயாக வேண்டும். அக்கரைப் பள்ளிக்கூடத்தில் மணி அடித்தால் இக்கரையில் கேட்கும், ஆனால் போய்ச் சேர ஊரைச் சுற்ற வேண்டும். கோடையில் ஆற்றில் இறங்கி நடந்துவிடலாம். வழக்கப்படி ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறந்து தண்ணீர் வந்துவிட்டால் அந்த வழியும் அடைபடும். பள்ளிக்கூடம் திறப்பதும் அதே ஜூனில்தான்.

2000-இல் தொடங்கிய பிரதமரின் கிராமச் சாலைத் திட்டத்தில் சாலை கிடைக்கச் சமவெளிக் குடியிருப்பில் 500 பேர் இருக்க வேண்டும், மலைப்பகுதிக்கு 250 பேர் போதும். மலைக்கு அந்தச் சலுகை நியாயமானது, நான் மறுக்கவில்லை. ஐந்து மைலுக்குள் மூன்று ஆறும் முப்பது வாய்க்காலும் ஓடும் மண்ணை எந்த நியாயத்தில் வெறும் சமவெளி என்று எழுதினார்கள்?

பஸ் கேட்டுப் போனால் கிடைக்கும் பதில் எல்லா ஊரிலும் ஒன்றுதான்: ஆள் இல்லை, வசூல் இல்லை. ஆள் ஏன் இல்லை? பெண் பத்தாவது முடித்ததும் மேற்படிப்புக்கு அனுப்ப வழியில்லாமல் மன்னார்குடியில் வாடகைக்கு வீடு பார்த்துப் போன குடும்பங்களை எனக்குத் தெரியும். பையன்கள் திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போகிறார்கள். பஸ் இல்லாமல் ஊர் காலியாகிறது. ஊர் காலியானதைக் காட்டி, இருந்த பஸ் நடையையும் குறைக்கிறார்கள். முதலில் போவது எப்போதும் இரவு கடைசி நடைதான். அது போனால் டவுனில் ஜவுளிக்கடை வேலை பார்க்கும் பெண்ணுக்கு வேலையும் போகும்.

2021 மே மாதம் முதல் பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் கட்டணம் இல்லை. நல்ல திட்டம், மனதார வாழ்த்துகிறேன். ஆனால் பஸ் திரும்பிவிடும் இடத்துக்கு அப்பால் இருக்கிறவர்கள் ஷேர் ஆட்டோவுக்குக் காசு கொடுத்துத்தான் அந்த இலவசத்தைத் தொட முடிகிறது. 2025 ஜூனில் தஞ்சாவூரில் தொடங்கிவைக்கப்பட்ட புதிய மினி பஸ் திட்டம் இதற்காகத்தான் வந்தது. அதைத் தனியார்தான் ஓட்டுகிறார்கள், கட்டணமும் உண்டு. கூட்டம் இருக்கும் காலை நேரத்துக்கு ஓடிவிட்டு, மற்ற நேரத்தில் காலனிப் பக்கம் தலைகாட்டாமல் போனால் யார் கேட்பது? அதற்கு அதிகாரிகள்தான் பொறுப்பேற்க வேண்டும்.

2021-இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய் 2027-இல் நடக்க இருக்கிறது. இன்னும் 2011 எண்ணிக்கைதான் நம்மைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறது. இந்த முறையாவது பஸ் வசதியைத் தெருவாரியாக எழுதுங்கள். தூரத்தைப் பாலத்தின் வழியாக அளங்கள். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதையும் கேளுங்கள். அதுவரை காத்திருக்காமல், அடுத்த கிராம சபைக்கு முன்பே காலனியிலும் கீழத்தெருவிலும் பள்ளி, கல்லூரி, வேலைக்குப் போகிறவர்களின் பட்டியலை நேரத்தோடு நாமே எழுதிவிடலாம். தீர்மானத்தோடு அதை இணைத்து மாவட்ட ஆட்சியரிடம் கொடுப்போம். எழுத முன்வருகிறவர்கள் கீழே பெயரைப் போடுங்கள்.