கிப்சனா, பெட்ரோவா: சிமுலேஷன் தீர்ப்புச் சொல்லிவிடவில்லை

'1968இல் பாப் கிப்சனின் ஈ.ஆர்.ஏ. 1.12; 2000இல் பெட்ரோ மார்ட்டினெஸுக்கு 1.74. கிப்சனே பெரியவர் என்று கணினி சிமுலேஷன் நிரூபித்துவிட்டது' என்றொரு பதிவு பேஸ்பால் ரசிகர்களிடையே சுற்றுகிறது. இருவருமே அமெரிக்க பேஸ்பாலின் பந்துவீச்சாளர்கள். எண்கள் சரி, முடிவு தவறு.

ஈ.ஆர்.ஏ. என்பது ஒன்பது இன்னிங்ஸுக்குப் பந்துவீச்சாளர் கணக்கில் சேரும் ரன்களின் சராசரி; குறைவாக இருந்தால் நல்லது. 1968இல் ரன் எடுப்பதே பெரும்பாடு. அங்குள்ள இரு பெரிய லீக்குகளில் ஒன்றான அமெரிக்கன் லீக்கில், அதிக பேட்டிங் சராசரிக்கான பட்டத்தை வென்ற கார்ல் யாஸ்ட்ரெம்ஸ்கியின் சராசரியே .301தான்! அந்த வறட்சியால்தான் 1969இல் பந்துவீச்சு மேடு 15 அங்குலத்திலிருந்து 10 ஆகக் குறைக்கப்பட்டது. சரியான வீச்சாக எண்ணப்பட பந்து கடக்க வேண்டிய ஸ்ட்ரைக் எல்லையும் சுருக்கப்பட்டது. கிப்சன் ஆடிய இன்னொரு லீக்கான நேஷனல் லீக்கின் சராசரி ஈ.ஆர்.ஏ. 1968இல் 2.99. பெட்ரோ ஆடிய அமெரிக்கன் லீக்கிலோ 2000இல் 4.91, அடித்து நொறுக்கிய காலம். லீக்கையும் மைதானத்தையும் கணக்கிட்டுத் திருத்தும் ஈ.ஆர்.ஏ. பிளஸில் (100 என்பது சராசரி; கூடினால் நல்லது) கிப்சன் 258, பெட்ரோ 291. பேஸ்பால் ரெஃபரன்ஸ் தளத்தில் இருவர் பக்கத்தையும் திறந்து பாருங்கள்.

சிமுலேஷனின் விடை, எந்த ஆண்டுச் சூழலில் ஆடவிடுகிறோம் என்பதைப் பொறுத்து மாறும். 'அவுட் ஆஃப் த பார்க் பேஸ்பால்' என்ற கணினி விளையாட்டில் அந்தச் சூழலை நாமே தேர்ந்தெடுக்கலாம். அந்த அமைப்பைச் சொல்லாத பதிவு எதற்கும் சான்றாகாது. கிப்சனின் 1968 மகத்தானது. அதற்குப் பொய்த்துணை வேண்டியதில்லை. தயவுசெய்து இதை மேலும் பகிர வேண்டாம்.