விலை உங்கள் விருப்பம், கட்டணம் 45 பென்ஸ்

(ஒக்ஸ்போர்ட், கௌலி ரோட்டில் ஒரு மூலைக்கடை. 2007 ஒக்டோபர் 10, பின்னேரம். அண்ணை கையில் விலை ஒட்டுகிற துப்பாக்கி, எதிரே தேங்காய்ப்பால் டின்கள். தம்பி கவுண்டரில், ஒரு காதில் ஐபொட்.)

தம்பி: விலை என்று ஒன்றும் இல்லை அண்ணை. வாங்குகிற ஆள் விரும்பினதைக் கொடுக்கலாம்.

அண்ணை: யாரைக் கேட்டு அப்படிச் சொன்னாய்? டின் 79 பென்ஸ்!

தம்பி: ஐயோ, தேங்காய்ப்பால் இல்லை. ரேடியோஹெட் என்ற ரொக் இசைக்குழுவின் புது ஆல்பம், ‘இன் ரெயின்போஸ்’. இன்று காலைதான் இன்டர்நெட்டில் வந்தது. பத்துப் பாட்டு. விலைப் பெட்டியை வெறுமையாக விட்டிருக்கிறார்கள்.

அண்ணை: மறந்திருப்பார்கள். இந்த ஊர்ப் பெடியன்கள்தானே? ஆரும் போய்ச் சொல்லுங்கோ.

தம்பி: மறக்கவில்லை. பெட்டிக்குப் பக்கத்தில் கேள்விக்குறி இருக்கிறது. அமுக்கினால் ‘உங்கள் விருப்பம்’ என்று வரும். திரும்பவும் அமுக்கினால் ‘இல்லை, உண்மையாகவே உங்கள் விருப்பம்’ என்று வரும்.

அண்ணை: ஒரு தரம் சொன்னால் தாராளம். இரண்டாம் தரமும் சொன்னால் அது எங்கள் மாமி. போன தைப்பொங்கலுக்கு ‘ஒன்றும் வேண்டாம் தம்பி, உங்கள் விருப்பம்’ என்றா. சேலையோடு போனேன். இன்னும் முகம் பார்த்துக் கதைக்கவில்லை.

தம்பி: இது புரட்சி அண்ணை. முன்பு ஈஎம்ஐ என்ற இசைத்தட்டுக் கம்பனிக்குப் பாடினார்கள். 2003இல் வந்த ஆல்பத்தோடு ஒப்பந்தம் முடிந்தது. இப்போது நடுவில் ஒருவரும் இல்லை.

அண்ணை: அதுசரி, மொத்த வியாபாரியை வெட்டிவிட்டார்கள். மூளை இருக்கிறது. ஒரு சதமும் இல்லாமல் எடுக்கலாமா?

தம்பி: எடுக்கலாம். கார்டில் காசு கட்டினால் மட்டும் 45 பென்ஸ் கட்டணம்.

(துப்பாக்கி நிற்கிறது.)

அண்ணை: என்ன கட்டணம்?

தம்பி: கார்டுக்கு. 45 பென்ஸ்.

அண்ணை: தம்பி, உன் தலைக்கு மேலே என்ன எழுதி ஒட்டியிருக்கிறது? வாசி.

தம்பி: ‘5 பவுண்ஸுக்குக் குறைந்தால் கார்டுக்கு 50 பென்ஸ்.’

அண்ணை: அதைப் பார்த்துவிட்டு நேற்று ஒருவன் என்னைக் கொள்ளைக்காரன் என்றான். நான் 50 எடுத்தால் கொள்ளை. அவர்கள் 45 எடுத்தால் புரட்சி. வித்தியாசம் 5 பென்ஸ்தானே?

தம்பி: அவர்கள் கலைஞர்கள் அண்ணை.

அண்ணை: சரி, கூடப்போனால் எவ்வளவு போடலாம்?

தம்பி: 99 பவுண்ஸ் 99 பென்ஸ்.

அண்ணை: பார்த்தாயா, 100 என்று விடவில்லை. கலைஞர்கள் இல்லை, சுத்தக் கடைக்காரர்கள். எனக்குப் பிடித்துவிட்டது. ஆட்கள் என்ன சொல்கிறார்கள்?

தம்பி: எங்கள் வீட்டில் மூன்று பேருக்கும் பிடிக்கவில்லை. ஒருவன் 160 கிலோபிட்டில் தந்து ஏமாற்றிவிட்டார்கள் என்கிறான்.

அண்ணை: அதென்ன?

தம்பி: சத்தத்தின் தரம். சிடி அளவுக்கு இருக்காது. சிடியும் பெரிய இசைத்தட்டுகளும் பெட்டியோடு வேண்டும் என்றால் 40 பவுண்ஸ், டிசம்பரில் வரும்.

அண்ணை: அவன் எவ்வளவு கட்டினான்?

தம்பி: பூச்சியம்.

அண்ணை: ம். அடுத்தவன்?

தம்பி: ‘நூட்’ என்று ஒரு பாட்டு. 1998இலேயே மேடையில் பாடினது. புது ஆல்பம் என்று பழையதைத் தள்ளிவிட்டார்கள் என்கிறான்.

அண்ணை: ஒன்பது வருஷச் சரக்கா? அது நியாயம்தான். திகதி பார்க்க வேண்டும். அவன் எவ்வளவு?

தம்பி: பூச்சியம். மூன்றாவது ஆள் முதல் பாட்டில் பாதி கேட்டான். அவர்களுடைய பழைய ஆல்பம் ‘ஓகே கம்ப்யூட்டர்’ மாதிரி வராது என்று எழுந்து போய்விட்டான்.

அண்ணை: முழுதும் கேட்க எவ்வளவு நேரம்?

தம்பி: 42 நிமிஷம்.

அண்ணை: இரண்டு நிமிஷத்தில் தீர்ப்பு! எங்கள் கோயிலிலும் இப்படி ஒருவர் இருக்கிறார். உண்டியல் பக்கமே திரும்ப மாட்டார். பொங்கலை வாயில் வைக்க முதலே ‘கஜு காணாது’ என்பார். கொப்பி எடுத்துப் பார்த்தால் உபயம் செய்தவர்கள் ஒருவரும் வாய் திறந்திருக்க மாட்டார்கள். குறை சொன்னவர்கள் பெயர் கொப்பியிலேயே இருக்காது.

தம்பி: இலவசம் என்றாலும் கருத்துச் சொல்ல உரிமை இருக்கிறதே?

அண்ணை: தாராளமாக இருக்கிறது. கருத்துக்கு 45 பென்ஸ் கட்டணம் வைக்க வேண்டும். அன்றைக்கு ஊர் எவ்வளவு அமைதியாக இருக்கும் என்று பார். நீ எவ்வளவு கட்டினாய்?

தம்பி: நான் ரசிகன் அண்ணை. ‘த பெண்ட்ஸ்’ ஆல்பம் வந்த காலத்திலிருந்து...

அண்ணை: எவ்வளவு?

தம்பி: முதலில் கேட்டுப் பார்த்துவிட்டு, பிடித்தால் திரும்பப் போய்க் கட்டலாம் என்று...

அண்ணை: வாழைப்பழத்தை உரித்துச் சாப்பிட்டுவிட்டு, ருசி என்றால் நாளைக்கு வந்து காசு தருகிறேன் என்கிறாய்.

தம்பி: 45 பென்ஸ்தான் அண்ணை தடுத்தது. கார்டில் ஒரு பவுண் கட்டப் போனால், அதற்கு 45 பென்ஸ் என்றால் மனம் வருமா?

அண்ணை: நேற்றுக் கத்தினவன் உன்னுடைய வீட்டில்தானா இருக்கிறான்? அதைக் காதில் வை, நானும் கேட்கிறேன்.

(தம்பி ஒரு பக்க இயர்போனைக் கொடுக்கிறான். அண்ணையின் விரல் டின் மூடியில் தட்டத் தொடங்குகிறது. தக, தகிட. தக, தகிட. முகம் மாறுகிறது.)

அண்ணை: டேய், இது அஞ்சு எண்ணிக்கைத் தாளம்! கண்ட நடை! மகளின் நடன வகுப்பில் இதுக்குத்தான் பிள்ளைகள் கால் தடுக்கி விழுகிறார்கள். பாதியில் எழும்பிப் போனவன் ஆர்?

தம்பி: தாளம் காலுக்கு ஒத்துவரவில்லை என்றான்.

அண்ணை: நாலுக்கு மேல் எண்ணத் தெரியாதவனுக்குப் பூச்சியம்தானே தெரியும். கதைக்காதே, கேட்க விடு. தக, தகிட... தக...

(திடீரென்று துள்ளி எழுகிறார். டின் இரண்டு உருள்கிறது.)

அண்ணை: பள்ளிக்கூடம் விட்டுட்டுது! கதவைப் பிடி! இரண்டு பேருக்கு மேல் உள்ளே விடாதே, இனிப்புப் பக்கம் நில்!

தம்பி: அண்ணை, ஒருவரும் வரவில்லை. பிள்ளைகள் கத்துகிறது பாட்டுக்குள்ளே.

அண்ணை: பாட்டுக்குள்ளேயா?

தம்பி: ஓம். இங்கே ஒக்ஸ்போர்ட் பிள்ளைகள்தான்.

அண்ணை: அதுதானே பார்த்தேன், தெரிந்த குரலாக இருக்கிறது என்று.