திரும்ப விற்கும்போது யார் வாங்குவார்?

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் நம்மவர்கள் பலர் மறுபடியும் மலேசியாவின் ஜொகூர் பக்கம் பார்க்க ஆரம்பித்திருக்கிறார்கள். 2025 ஜனவரியில் இரு நாடுகளும் சிறப்புப் பொருளாதார மண்டல ஒப்பந்தம் போட்டாயிற்று, சிங்கப்பூரையும் ஜொகூர் பாருவையும் இணைக்கும் ஆர்டிஎஸ் ரயிலும் வரப்போகிறது, இப்போதே ஒரு வீடு வாங்கிப் போடலாமா என்று கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அந்த ஊர்க்காரர் அந்த வீட்டை வாங்குவாரா? உள்ளூர்ச் சம்பளத்துக்கு எட்டாத வீடு என்றால், விற்கும் நாளில் இன்னொரு வெளிநாட்டவரைத்தான் நீங்கள் தேட வேண்டியிருக்கும்.

ஜொகூரின் ஃபாரஸ்ட் சிட்டியில் இதுதான் நடந்தது. துவாஸ் இரண்டாம் பாலத்துக்கு அருகே, கடலைத் தூர்த்து நான்கு தீவுகள், 7 லட்சம் பேருக்கு வீடு, 10,000 கோடி அமெரிக்க டாலர் திட்டம். கட்டியது சீனாவின் கண்ட்ரி கார்டன் நிறுவனம், வாங்கியவர்களில் பெரும்பாலோரும் சீனர்கள். ஜொகூரில் மாதச் சம்பளம் வாங்குகிறவர் நினைத்துக்கூடப் பார்க்க முடியாத விலை. 2017 தொடக்கத்தில் சீன அரசு, வெளிநாட்டில் வீடு வாங்கப் பணம் அனுப்பக் கூடாது என்று பிடியை இறுக்கியது. அந்த மார்ச்சிலேயே சீனாவில் இருந்த ஃபாரஸ்ட் சிட்டி விற்பனைக் கூடங்கள் மூடப்பட்டன. அடுத்த ஆண்டு அப்போதைய மலேசியப் பிரதமர் மகாதீர், அங்கே வெளிநாட்டவருக்கு வீடு விற்க விடமாட்டோம் என்றார். பிறகு கொரோனா. 2023இல் கண்ட்ரி கார்டனே வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாமல் நின்றது. கட்டடங்கள் உறுதியாகத்தான் நிற்கின்றன. குடியிருக்கத்தான் போதிய ஆள் இல்லை. வாழ்நாள் சேமிப்பைப் போட்டுவிட்டு விற்கவும் முடியாமல் வாடகைக்கு விடவும் முடியாமல் இருப்பவர்களை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே வயிறு எரிகிறது.

நாணயம் இன்னொரு பக்கம். 2013இல் ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு இரண்டரை ரிங்கிட். 2024 தொடக்கத்தில் மூன்றரையைத் தாண்டியது. அன்று 10 லட்சம் ரிங்கிட்டுக்கு 4 லட்சம் வெள்ளி கொடுத்து வாங்கியவர், விலை ஒரு காசு குறையாமல் அப்போது விற்றிருந்தாலும் கைக்கு வந்திருப்பது 3 லட்சம்கூட இல்லை. எகிப்தில் 2024 மார்ச்சில் ஒரே நாளில் டாலருக்கு 31 பவுண்டு என்றிருந்தது 50 பக்கம் போனது. வளரும் நாடுகளில் இந்த அடி எப்போது வரும் என்று எந்த ஏஜெண்டும் சொல்ல மாட்டார்.

வரியையும் பார்த்துக்கொள்ளுங்கள். மலேசியாவில் வெளிநாட்டவர் ஐந்தாண்டுக்குள் விற்றால் லாபத்தில் 30 சதவீதம் போய்விடும். இந்தியாவிலிருந்து வாங்க நினைப்பவர்களுக்கு: ஆளுக்கு ஆண்டுக்கு இரண்டரை லட்சம் அமெரிக்க டாலர்தான் அனுப்பலாம், வருமான வரிப் படிவத்தில் அந்த வீட்டைக் காட்டியே ஆக வேண்டும்.

ஜொகூர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தினமும் விடியுமுன் பாலம் தாண்டி இங்கே வேலைக்கு வரும் மலேசியர்கள் வசிக்கும் பேட்டைகளில் வீட்டுத் தேவை நிஜமானது. ஆனால் அவர்கள் வாங்கும் விலையில் நாம் வாங்க முடியாது. 2014இலிருந்து அங்கே வெளிநாட்டவருக்குப் பொதுவாகக் குறைந்தபட்சம் 10 லட்சம் ரிங்கிட் என்று வரம்பு. அது நியாயம் என்றே நினைக்கிறேன். நம் வெள்ளி போய் அந்த ஊர்ப் பிள்ளைகளின் வீட்டு விலையை ஏற்றக் கூடாது. அந்த வரம்பால்தான் வெளிநாட்டவருக்கென்றே கட்டுகிற கோபுரங்கள் முளைக்கின்றன, நமக்கு நீட்டப்படுவதும் அவைதான்.

ரயில் நிற்கப்போவது ஜொகூர் பாரு நகர நடுவில், புக்கிட் சாகாரில். ஃபாரஸ்ட் சிட்டி அங்கிருந்து சாலை வழியாக 30 கிலோமீட்டருக்கு மேல். வரைபடத்தை நீங்களே திறந்து தூரம் பாருங்கள். பிறகு நாப்பிக் (NAPIC) என்ற மலேசிய அரசு மையத்தின் தளத்துக்குப் போங்கள். சொத்து விற்பனைகள் பதிவான விலை அங்கே கிடைக்கும். நீங்கள் பார்க்கிற கட்டடத்தில், இல்லாவிட்டால் பக்கத்துக் கட்டடத்தில், வீடுகள் எப்போது, எவ்வளவுக்குக் கைமாறின என்று தேடுங்கள். ஒரு மறுவிற்பனைகூடக் கண்ணில் படவில்லை என்றால் முன்பணம் கட்டாதீர்கள்.